'ங்க' இல்லாத இங்கிலீஷ்

அடுத்தவர் வாய்க்குள் நாக்கு எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது; வாத்தியார் வேலை பார்த்து நொந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நான் திருநெல்வேலிக்காரன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் ஆங்கில உச்சரிப்பு சொல்லித் தருகிறேன்.

காகிதம் ஆடியது

'பென்', 'பேப்பர்' என்று ஆங்கிலேயர் சொன்னால் முதல் எழுத்தோடு காற்றும் பீச்சிக்கொண்டு வரும். நம் 'ப'வுக்கு அந்தக் காற்று கிடையாது. உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லுங்கள், அது ஆட வேண்டும் என்றேன். வகுப்பில் இருந்த பதினாறு பேரின் காகிதங்களும் படபடவென்று ஆடின. கரண்ட் போகும் வரைக்கும் பூரித்துப் போயிருந்தேன். சூலூரிலிருந்து வரும் சுமதி, அசையாமல் நின்ற தன் காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இத்தன நேரம் ஃபேன்தானுங்க சார் இங்கிலீஷ் பேசிருக்குது."

கழுத்தில் கை

'எஸ்' ஒலிக்குத் தொண்டை அதிராது. வண்டு மாதிரி இரைகிற 'இஸட்' ஒலிக்கு அதிரும். விரல் வைத்தால் தெரியும். வகுப்பே கழுத்தைப் பிடித்துக்கொண்டு இரைந்த நேரத்தில் சுமதியின் அப்பா வந்தார். வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். வருகிற இண்டர்வியூவில் வேலை கிடைக்காவிட்டால் மகள் தறிக்கு வந்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறாராம். போகும்போது சொன்னார்: "நல்லாச் சொல்லிக் குடுங்க சார். கழுத்த மட்டும் மெதுவாப் புடிக்கச் சொல்லுங்க."

எழுந்து நில்

சுமதிக்கு எல்லா ஒலியும் வந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் மரியாதைக்கு ஒட்டும் 'ங்க' மட்டும் போகவில்லை. எஸ்ஸுங்க, தேங்க்யூங்க, ஹலோங்க. இனி 'ங்க' சொல்கிறவர் எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். பத்தே நிமிடத்தில் உட்கார்ந்திருக்க ஆள் இல்லை. அதை விட்டால்தான் என்ன என்று சுமதியிடம் கேட்டேன். "பெரியவங்ககிட்ட வெறும் எஸ்ஸுன்னா அடிக்கப் போற மாதிரி இருக்குதுங்க சார்."

இண்டர்வியூ

வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கிற கம்பெனி அது. அதிகாரி ஒருவர் கோபக்கார வாடிக்கையாளராக நடித்துக் கத்தினார். அவளுடைய வாத்தியார் என்று சொல்லித் துணைக்குப் போன நான் கதவுக்கு வெளியே. 'ப'வில் காற்று வந்தது, 'இஸட்' இரைந்தது. அவர் கத்தக் கத்த சுமதி பயந்துபோய், "சாரிங்க சார், ஒன் மினிட்டுங்க, ப்ளீஸுங்க" என்றாள். போச்சு, இனி தறிதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த அதிகாரி வெளியே வந்தார். "அந்தப் பொண்ண எடுத்தாச்சு சார். அந்த 'ங்க'வைக் கேட்டப்புறம் என்னால கத்தவே முடியல. இதே மாதிரி இன்னும் பத்துப் பேரத் தயார் பண்ணிக் குடுங்க."

இப்போது எங்கள் மாடியில் 'ங்க' போட்டு இங்கிலீஷ் பேசத்தான் பயிற்சி நடக்கிறது. திருநெல்வேலிக்கார வாத்தியார் சொன்னால் மட்டும் அது மிரட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.