கருப்புக்கு ஊற்றிய பால்

சமயநல்லூரில் சுருளியை அவன் நாயைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். ஊர் கூடிப் போகும் பாரிவேட்டையில் முதல் முயலைக் கவ்வி வருவது கருப்புதான். அடுத்து வருவது அவன் தம்பி காளையின் செவலை.

"நாயிலயும் நீதான் மூத்தவனாண்ணே?" என்று காளை சிரிப்பான்.

யுத்தம் தொடங்கிய வருஷம் கருப்பு மெலிந்தது. வயிறு கழிந்துகொண்டே இருந்தது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. சோற்றில் யாரோ இடுமருந்து வைத்துவிட்டதாகச் சுருளி முடிவு செய்தான். மருந்தை முறிக்க வேளை தவறாமல் பசும்பால் புகட்டினான். கழிச்சல் கூடியது. மருந்து இறங்குகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றினான்.

தன் வீட்டை விட்டால் கருப்பு வாய் வைப்பது காளை வீட்டில் மட்டும்தான். சாவடியில் பத்துப் பேர் பார்க்க, மருந்து வைத்தது நீதானா என்று தம்பியைக் கேட்டுவிட்டான்.

"கோயிலுக்கு வாண்ணே. கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன்."

"கற்பூரம் பொய்யன் கையிலயும் அணையும். போடா."

கருப்பு செத்தது. ஊர்க்கூட்டத்தில் காட்டச் சாட்சி வேண்டும். புதைக்காமல் சாக்கில் சுற்றி வண்டியில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனான். மாட்டு டாக்டர் மைக்கேல்ராஜ் வயிற்றைக் கீறினார்.

"விஷம் தின்ன குடல் மாதிரி தெரியலையே. ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போனபோது மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஊதாப் பொட்டுகள், சந்தைக்கூட்டம்போல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"இதெல்லாம் வெள்ளை அணு. குடலுக்குக் காவல்காரங்கன்னு வச்சுக்கங்க. கிருமி வந்தா அடிக்கணும். இங்க கிருமியும் இல்ல, பூச்சியும் இல்ல, விஷமும் இல்ல. ஆனா இம்புட்டுப் பேரு கூடிக் குடலையே புண்ணாக்கியிருக்காங்க."

"யாரை அடிக்கங்கய்யா?"

"நிச்சயமாத் தெரியல. உள்ள வந்த சோத்தையே எதிரின்னு நெனச்சிருக்கலாம். என்ன குடுத்தீங்க?"

"பாலுங்க. வேளை தவறாம."

டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சில நாய்க்குப் பால் ஆகாது," என்றார் கடைசியில்.

ஊர் திரும்பும் வழியில் காளவாசல் தாண்டும்வரை சுருளி மாடுகளை விரட்டினான். அதன்பிறகு அவை தம் போக்கில் நடந்தன. வண்டி நேராகக் காளை வீட்டு முன்னால் நின்றது. காளையின் மனைவி முத்துத்தாய் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி எங்கத்தா?"

"ரங்கூனுக்குப் போயிட்டாரு. நேத்துத்தான். ஊருல ஒருத்தரும் எங்க வீட்டுல வாய் நனைக்கலையே, எப்புடி இருப்பாரு?"

சுருளி வாசலிலேயே உட்கார்ந்தான். "தண்ணி குடு, ஆத்தா," என்றான்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வேணாம் மச்சான். மருந்து வச்ச வீடு."

கூட்டத்தில் சுருளி எல்லாவற்றையும் சொன்னான். விஷமில்லை என்பதை ஏற்றுக்கொண்டார்கள். பாலால் நாய் சாகுமா என்று சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தபின் பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்தவர்கள் மதுரை ஸ்டேஷனில் இறங்கினார்கள். தாடியும் எலும்புமாக வந்தவர்களில் யார் யாரென்று தெரியவில்லை. சுருளி செவலையைக் கூட்டிக்கொண்டு போவான். முத்துத்தாய் அவனிடம் பேச மாட்டாள். நாயை மட்டும் அவிழ்த்து விடுவாள்.

இறங்குகிறவர்களின் கால்களைச் செவலை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கும். பிறகு திரும்பி வந்து சுருளியின் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.