நம்பர் இல்லாத மோட்டார்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக் கூடாது. அப்படிப்பட்டவன் போய், ரோட்டில் ஓட அனுமதியே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினேன் என்றால், அன்றைக்கு எனக்கு என்ன கிரகமோ, யார் கண்டது.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பிவிட்டார். ரப்பர் காட்டுக்குள் அவர் சுற்றிவந்த மோட்டாரைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் விட்டுப் போனார். கிராணி எனக்குப் பெண் கொடுத்த வழியில் சொந்தம்; அதை என் தலையில் கட்டினார். பல வருஷம் ஓடிய வண்டிதான், ஆனால் ஒரு நாள்கூடத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டியதில்லை. தாண்டாத வண்டிக்கு நம்பர் எதற்கு என்று துரை அதைப் பதியவே இல்லை. துரை கைப்பட எழுதிய ஒரு கடுதாசி, அவ்வளவுதான் அதற்குச் சாட்சி.

"மோட்டார் ஆபீஸ்ல இந்தக் கடுதாசியக் காட்டுங்க, நம்பர் குடுத்துருவான்" என்றார் கிராணி. தோட்டத்து லாரியிலேயே ஏற்றிவந்து மலாக்காவில், காஜா பேராங்கில் என் வாசலில் இறக்கியும் விட்டார்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ரப்பர் ஸ்டோரில் எனக்கு வேலை. தினம் சைக்கிள் மிதித்து முழங்கால் தேய்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். அதெல்லாம் சும்மா. ஆசைதான். கறுப்பு டாங்கியும் அகலமான சீட்டுமாக அதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது.

வாங்கின மறுநாளிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. அந்த வாரம்தான் நான் குடியுரிமைக்கு விண்ணப்பப் பாரம் எழுதிப் போட்டிருந்தேன். நான் பிறந்தது இந்தியாவில். மூன்று வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து கப்பலேறி வந்தவன். அந்த ஊர்ப் பெயரைத் தவிர எனக்கு அங்கே ஒன்றும் தெரியாது, யாரும் கிடையாது. பெண்டாட்டியும் இரண்டு வயது மகளும் இங்கே இருக்கிறார்கள். பாரத்தில் நன்னடத்தை என்று ஒரு வரி இருந்தது. "ஒரு சின்ன கேஸ் இருந்தாலும் கிழிச்சுப் போட்டுருவான், அடுத்த கப்பல்ல ஏத்திருவான்" என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையோ புளுகோ, நான் அப்படியே நம்பினேன். மகளை விட்டுவிட்டு நான் மட்டும் கப்பலில் நிற்பதாகச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நினைப்பு வரும்.

வண்டியைச் சாக்குப் போட்டு மூடினேன். எங்கள் தெருவில் காலையும் மாலையும் ஒரு மாத்தா சைக்கிளில் சுற்றுவார். போலீஸ்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் மணிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ச் சாக்கை இன்னும் கீழே இழுத்து விடுவேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்; எனக்கு வாசலிலேயே கனம்.

"நாளைக்கே ஆபீசுக்குத் தள்ளிட்டுப் போயிடறேன்" என்றேன் மனைவியிடம்.

"நாளன்னைக்கு ஆயுத பூஜை. பூஜை போடாத வண்டியோட ஆபீஸ் படி ஏறினா விளங்குமா? பூஜை முடிச்சு விஜயதசமியன்னைக்குக் கொண்டு போங்க."

அவள் சொன்னது எனக்கும் சரியென்று பட்டது. வேறு யாராவது சாமிக்காகச் சட்டத்தைக் காக்க வைப்பானா? நாங்கள் வைப்போம்.

ஆயுத பூஜையன்று காலையில் மகளைச் சீட்டில் உட்கார வைத்து இரண்டு பேருமாகக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கோயில் வாசல் ரோட்டில் ஒரு லாரி, இரண்டு டாக்சி, ஏழெட்டு சைக்கிள், ஒரு தையல் மிஷின்கூட வரிசையில் நின்றன. பூசாரி ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் பிளேட்டில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். என் மோட்டார் முன்னால் வந்ததும் குனிந்தார், பின்னால் போய்ப் பார்த்தார்.

"என்னப்பா, நம்பரைக் காணோம்? பொட்டை எங்க வைக்கிறது?"

ஊரே திரும்பிப் பார்த்தது. "லைட்ல வைங்க சாமி, சத்தம் போடாதீங்க" என்றேன்.

மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்தடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார். நான் தள்ளி நசுக்கப் போனேன்.

"அட, உருட்டி நசுக்கினா அது திருஷ்டி போறதா? வண்டி தன் பலத்துல ஏறணும். இஞ்சினைப் போடு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்றால் அதுதான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் பார்க்கிறார்கள், லாரி டிரைவர் வேறு சிரிக்கிறான். வாங்குமுன் தோட்டத்துக்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பழகிய தைரியத்தில் உதைத்தேன். டமடமவென்று எடுத்தது பாருங்கள், கோயில் கிளிகள் பறந்தன. கிளட்ச்சை விட்டேன். பழம் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை. மாலையும் நானுமாக ரோட்டின் குறுக்கே பாய்ந்து எதிர்ச் சாக்கடை ஓரத்தில் சாய்ந்தோம்.

கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே ஒரு சைக்கிள் சக்கரம். அதற்கு மேலே அந்த மாத்தா.

அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மாலையைத் தூக்கிப் பார்த்தார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார்.

"மோட்டோ இனி சியாப்பா பூன்யா?" இந்த மோட்டார் யாருடையது?

சின்னக் கேள்வி. ஆனால் அவர் கையில் புத்தகம். எனக்குக் கப்பல் தெரிந்தது, கடல் தெரிந்தது, மகள் கரையில் நிற்பது தெரிந்தது. மெல்ல நகர்ந்து வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"சாயா பூன்யா." என்னுடையது.

சொன்னது என் மனைவி. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்திருந்தாள். மலாய் பேசியே பல தலைமுறை ஆன பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாவுக்குத் தமிழ் வராது. அந்த அம்மாவோடு பேசிப் பேசி என் மனைவிக்கு மலாய் தண்ணீராக ஓடும். வண்டி என்னுடையது, நான்தான் வாங்கினேன், அவரை ஓட்டச் சொன்னதும் நான்தான், பிள்ளையின் அப்பா அப்பாவி என்று அடுக்கினாள். மாத்தா அவளையும் பார்த்தார், சாக்கடைச் சேறு பூசிய என்னையும் பார்த்தார். எழுதிக்கொண்டார். அவள் பெயரை.

ஒரு வார்த்தை, 'இல்லை, என்னுடையது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. வெட்கம்கூட அப்போது வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. வெட்கம் வீட்டுக்கு வந்து சேறு கழுவும்போது வந்தது.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றேன்.

"நான் இங்க பொறந்தவ. என்னை எந்தக் கப்பல்ல ஏத்துவான்? போய்க் குளிங்க."

கோர்ட்டுக்கும் என்னை வரவேண்டாம் என்றுவிட்டாள். செட்டி அம்மாதான் கூடப் போனார். உனக்கு மோட்டார் ஓட்டத் தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டாராம். தெரியாது, பார்க்க நன்றாக இருந்தது, வாங்கினேன் என்றாளாம். கோர்ட்டே சிரித்ததாம். அபராதம் போட்டு, உடனே பதியச் சொல்லி அனுப்பினார்கள். அவள் பெயரிலேயே பதிந்தோம்.

மறுமாதம் எனக்குக் குடியுரிமை நேர்முகம். உன் பேரில் போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். "தீடா அடா துவான்" என்றேன். இல்லை ஐயா. பொய்யில்லை. ஆனாலும் வேர்த்துக் கொட்டியது. சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்டேன். பத்திரம் கைக்கு வந்த அன்று வீட்டுக்குப் பறந்தேன்.

"இனி பயமில்லடி. உன் பொறப்புப் பத்திரத்தை எடு, உன்னுதையும் மகளுதையும் ஒழுங்கா ஒரு கவர்ல வச்சிரலாம்."

அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"மகளுது பெட்டியில இருக்கு. எனக்கு இல்ல."

"இல்லன்னா? தொலைச்சிட்டியா?"

"எடுக்கவே இல்ல. தோட்டத்துக் கூலி லயத்துல பொறந்தேன். மருத்துவச்சி வந்தா, போனா. மறுநாள் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகணும். பதியறதுக்கு யாரு டவுனுக்கு வந்தா?"

கோயில் வாசலில் நான் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இங்கே பிறந்தவள் என்பதற்கு அவள் வாய்ச்சொல்லைத் தவிர ஒரு துண்டுத் தாள் கிடையாது. அவளை வைத்துத்தான் நான் தப்பித்திருக்கிறேன்.

"இது தெரிஞ்சுமா மாத்தாகிட்ட அப்படிச் சொன்னே?"

"தெரியாமலா? உங்க பாரம் உள்ள போயிருந்துச்சு. நான் இன்னும் போடவே இல்ல. போடாத பாரத்தை எவன் கிழிப்பான்?"

"உன்னைப் பிடிச்சு ஏத்தியிருந்தா?"

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், தாளித்த கடுகு கருகிப்போயிருந்தது.

"அதை அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றாள்.