தபால் பையில் நான் நிறுத்திய விளையாட்டு

என் நண்பனுக்கு வந்த ஒரு கடிதத்தை நான் அவனிடம் கொடுக்கவில்லை. அது தொலையவில்லை; நான் மறக்கவுமில்லை. வேண்டுமென்றே மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அப்போது நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்துத் தபால் பையில் ஆபீசுக்கு வரும். நான் பிரித்து அடுக்கிக் கொடுத்தால், மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது கடிதங்களையும் கொடுப்பார்கள். நான் எடுத்து வைத்துக்கொண்டால் கேட்பதற்கு ஆளில்லை.

அவனும் நானும் ஒரே லயம், ஒரே வகுப்பு. நான் நீளக் காற்சட்டை போட்டு ஆபீசுக்குப் போன முதல் நாள் லயமே வாசலில் நின்று பார்த்தது. அவன் கொழும்புக்குப் போய், டிவியில் பொருத்தி விளையாடும் வீடியோ கேம்களுக்கு நிரல் எழுதும் ஒரு சிறிய இடத்தில் சேர்ந்தான். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த இடம் எரிந்தது. ஒரு கொப்பியையும், கணினிச் சில்லு பொருத்திய உள்ளங்கை அளவுப் பலகையையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிவந்தான். பலகையில் இருந்தது அவனே உருவாக்கிய விளையாட்டு. ஒரு பெண் கொழுந்து பறிக்க வேண்டும். அட்டை காலில் ஏறாமல், தெம்பைக் காட்டும் மீட்டர் குறையாமல், பனிமூட்டம் இறங்குவதற்குள் கூடையோடு மலையேறித் தராசுக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று கட்டங்கள் முடிந்திருந்தன. அந்த மலையேற்றம்தான் நான்காவது. மின்சாரமே இல்லாத லயத்தில் உட்கார்ந்து, கொப்பியில் வெறும் எண்களாக அதை எழுதிக்கொண்டிருந்தான்.

அதைப் பற்றி அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டு, தினமும் பின்னேரம் ஆபீஸ் ஜன்னலுக்கு வருவான்.

"கிளாக்கர் ஐயா, நமக்கு ஏதும் சீமைக் கடுதாசி இருக்குதுங்களா?"

"மகாராணி எழுதுனா சொல்லி அனுப்புறேன், போடா."

சிரித்துக்கொண்டே போவான். கடிதம் வந்த அன்றும் அதையேதான் சொன்னேன். அதற்குள் பிரித்துப் படித்துவிட்டிருந்தேன். நான்காவது கட்டத்தை அனுப்பினால் விளையாட்டை வெளியிடுவதாகவும், அவனுக்கு அங்கே வேலை தருவதாகவும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவன் எனக்கு மேலே போய்விடுவான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, உறை பிரித்த கடிதத்தை எப்படிக் கொடுப்பது என்று நினைத்தேன். அடுத்த வருடம் அவன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. கலியாணம் முடித்திருந்த தங்கை மட்டும் தோட்டத்திலேயே தங்கினாள்.

இப்போது ஓய்வுபெற்றுத் தலவாக்கலையில் இருக்கிறேன். போன வருடம் மலையகத்துக்காரர்களின் இணையக் குழு ஒன்றில் ஒரு வெளிநாட்டுப் பெண் எழுதியிருந்தார். பழைய வீடியோ கேம்களை எழுதி மறக்கப்பட்டவர்களையும், வெளிவராமலே போன விளையாட்டுகளையும் தேடுகிறவராம். மூடிப்போன கம்பெனியின் கோப்பில் அந்தக் கடிதத்தின் நகல் கிடைத்திருக்கிறது. "இதற்குப் பதில் வரவே இல்லை. இவரை யாருக்காவது தெரியுமா?" கீழே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பதில் போட்டிருந்தார்: "அப்ப கிளாக்கரா இருந்தவரு தலவாக்கலையிலதான் இருக்காரு. அவருகிட்ட கேளுங்க."

போனைக் குப்புற வைத்தேன். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு, அந்தக் காலத்தில் கடிதங்கள் தொலைவது சகஜம் என்று எழுதினேன். அவர் நன்றி சொன்னார். அந்த நன்றிக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் செத்திருந்தால்? இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

நான்காம் நாள், ஓய்வுபெற்றபோது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கரப்பத்தனை பஸ் ஏறினேன்.

"அடடே, ஐயாவுக்கு லயத்துக்கு வழி தெரியுதே!" என்றாள் தங்கை. "உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

உட்காராமலே சொல்லி முடித்தேன். அவள் கேத்தலை இறக்கி வைத்தாள்.

"ஆறு மாசம் எங்கண்ணன் அந்த ஜன்னல்ல நின்னுச்சு. மழையிலயும் நின்னுச்சு. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"அண்ணன் இந்தியாவுல, கூடலூர்ல இருக்கு. நீங்களே சொல்லுங்க. என் வாயால சொல்ல மாட்டேன்."

அவளே போனில் அழைத்துக் கொடுத்தாள். திரையில் நரைத்த தாடியோடு அவன் முகம் வந்தது. "டேய், நீயாடா? கிழவனாயிட்டியே!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு முடியுமுன் சொல்லிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"அப்ப வந்துச்சா," என்றான். "படி."

படித்தேன்.

"நாலாவது கட்டத்த முடிச்சிட்டேன்டா. கொப்பி முழுக்க எழுதி வச்சிருந்தேன். பதிலே வரலியேன்னு, பொறப்படுறதுக்கு மொத நாள் அடுப்புல போட்டேன்." திரை அணைந்தது.

பலகை மட்டும் தங்கையிடம் இருந்தது. அண்ணன் செய்த பொருள் என்று சாமித் தட்டில் வைத்து, ஆயுத பூசை தவறாமல் அதற்குச் சந்தனம் பூசியிருக்கிறாள். என் கையில் தர மறுத்துவிட்டாள். அன்றே அந்தப் பெண்ணுக்கு உண்மையை எழுதினேன். அவர் கொழும்பிலிருந்து ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். அந்தச் சில்லின் மேல் பதித்திருக்கும் சிறு கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பதிந்தது அழிந்துவிடுமாம். உள்ளே ஏதாவது மிச்சம் இருக்குமா என்று ஆறு வாரம் தவித்தேன். காய்ந்த சந்தனம் கண்ணாடியை மூடியிருந்தது. மூன்று கட்டங்களும் ஓடின. இப்போது இணையத்தில் அவன் பெயரோடு அந்த விளையாட்டை யாரும் பார்க்கலாம். கூடை தோளில் ஏறியதும் திரை கறுத்துவிடுகிறது.

அவன் என்னோடு பேசுவதில்லை. தங்கை வழியாக ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினான்: "அந்தக் கடுதாசிய எனக்கு அனுப்பச் சொல்லு." பழைய உறையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, தினமும் வாசலில் தபால்காரரைப் பார்த்து நின்றேன். ஒரு மாதம் கழித்து ஒப்புகைச் சீட்டு வந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் அவனுடைய சாய்ந்த எழுத்து. திருப்பிப் பார்த்தேன். வேறொன்றும் எழுதவில்லை.