புள்ளி உதிர்ந்தது

பிப்ரவரி 20: புது மீன் 2
பிப்ரவரி 24: புள்ளி 31
பிப்ரவரி 28: புள்ளி 0
மார்ச் 1: பெரிய தொட்டியில் மீன் 11
மார்ச் 15: பெரிய தொட்டியில் மீன் 0
ஏப்ரல் 2: மிச்சம் 4

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் கடல்மீன் தொட்டியைப் பராமரித்தவர் எழுதிய கணக்கு இது. எல்லாருக்கும் அவர் தொட்டிக்காரர். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் குளிர்பதனக் கிடங்கில் மணிக்கொரு தரம் வெப்பநிலை எழுதியவர். "எனக்குக் காய்ச்சல்னா நெத்தியில கை வைக்கத் தெரியாது. மீன் மூச்சு விட்டா மட்டும் எண்ணுவாரு" என்பாள் மனைவி.

புது மீன் வந்தால் முதலில் பின்னறையிலுள்ள சிறு தொட்டியில்தான் விடுவார். அந்த இரண்டு மீன்களின் மேல் நாலாம் நாள் உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். செம்பு மருந்தைத் தொடங்கினார். எட்டாம் நாள் புள்ளி ஒன்றுகூட இல்லை. நோட்டில் எழுதினார்: புள்ளி உதிர்ந்தது.

அவர் மட்டில் அது எச்சரிக்கை. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓர் ஒட்டுண்ணி குடியிருக்கிறது. வயிறு நிறைந்ததும் அது தானே கழன்று தரையில் விழும். ஓடு கட்டிக்கொண்டு ஒன்று நூறாகும். அந்தக் குஞ்சுகள் மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். மருந்து கொல்வது நீந்தும் குஞ்சுகளைத்தான். ஆகவே புள்ளி மறைந்த பிறகும் ஒரு மாதம் தண்ணீரில் மருந்து இருக்க வேண்டும். அதை அவர் எழுதவில்லை. தனக்குத் தெரிந்ததை யாருக்காக எழுதுவது?

அன்று மாலையே கண்புரை அறுவைக்குப் போய்விட்டார். மறுநாள், தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தொட்டி நிறைந்திருக்கட்டும் என்று மருத்துவமனை மேனேஜர் நோட்டைப் புரட்டினார். இலை உதிர்ந்தால் போச்சு, முடி உதிர்ந்தால் போச்சு. புள்ளி உதிர்ந்தால் நோய் போச்சு. இரண்டு மீனையும் வலையில் அள்ளிப் பெரிய தொட்டியில் விடச் சொன்னார்.

மார்ச் 8 அன்று கறுப்புக் கண்ணாடியோடு திரும்பியவர் தொட்டி முன் நின்று எண்ணினார்.

"சார், ஒம்பது இருந்த எடத்துல பதினொண்ணு இருக்கே?"

"நீங்கதானங்க குணமாயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க?"

"குணம்னு எழுதல சார். உதிர்ந்ததுன்னு எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதானங்க!"

"மீனுக்கு ஒண்ணு இல்ல. எல்லாத்தையும் இப்பவே வெளிய எடுக்கணும்."

"நல்லாத்தான நீந்துது? கூடம் நெறைய ஜனம். வெறுந்தொட்டியப் பாத்தா உள்ள படுத்திருக்கிறவங்களத்தான் நெனச்சுக்குவாங்க. ஒரு வாரம் பொறுங்க."

பொறுத்தார். மார்ச் 14 காலை, பெரியவர் பாறையில் விலாவைத் தேய்த்தார். பெரியவர் என்பது பதினோரு வருடமாக அங்கிருந்த, சாப்பாட்டுத் தட்டளவு நீல ஏஞ்சல் மீன். மூச்சு நிமிடத்துக்கு 112, வழக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. மாலைக்குள் உடம்பெல்லாம் வெள்ளை. எண்ணிக்கைக் கட்டத்தில் தொட்டிக்காரர் முதன்முறையாக 'எண்ண முடியவில்லை' என்று எழுதினார்.

மறுநாள் மேனேஜரே வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே வலை பிடித்தார். பெரிய தொட்டியில் பவளம் இருந்தது. செம்பு பட்டால் செத்துவிடும். எனவே மீன்களையெல்லாம் பின்னறைத் தொட்டிகளுக்கு மாற்றி மருந்து கொடுத்தார்கள். பெரிய தொட்டி எழுபத்தாறு நாள் மீனில்லாமல் கிடக்க வேண்டும். ஒட்ட மீன் இல்லாவிட்டால் ஒட்டுண்ணி பட்டினியில் சாகும்.

மார்ச் 22, மாலை 4.40-க்குப் பெரியவர் இறந்தார்.

வெளியூரில் ஓர் அம்மாள் இருந்தார். ஏழு வருடத்துக்கு முன் அவர் கணவர் தம் கடைசிப் பதினோரு நாளும் சக்கர நாற்காலியில் அந்தத் தொட்டி முன்தான் உட்கார்ந்திருந்தார். அப்போதிருந்து வருடத்துக்கு இரண்டு கடிதம்: 'பெரியவர் நலமா?' தொட்டிக்காரர் நீளம், தீனி, மூச்சு எல்லாம் குறித்துப் பதில் போடுவார். பதினைந்தாவது கடிதம் மார்ச் 25 அன்று வந்தது.

"அதே நெறம், அதே சைஸு கடையில கெடைக்குது. மீன் நெத்தியில பேரா ஒட்டியிருக்கு? அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?" என்றார் மேனேஜர்.

"எனக்குத் தெரியுமே சார்."

வீட்டில் எட்டு நாள் வெள்ளைத்தாள் அப்படியே கிடந்தது. மனைவி சொன்னாள்: "ஏங்க, எழுதினா அவங்க மனசு ஒடையும். எழுதாட்டி நீங்க ஒடைஞ்சுருவீங்க. அப்புறம் உங்களை யாரு ஒட்டுறது, நானா? எழுதுங்க."

எழுதினார். இறந்த நாள், நேரம், கடைசி மூச்சு எண்ணிக்கை. பிறகு: 'நான் எழுதிய ஒரு சொல்லை நலம் என்று படித்துவிட்டார்கள். மருந்து முடியும் தேதியை நான் குறித்து வைக்கவில்லை. தவறு என்னுடையது.' ஏப்ரல் 3 அன்று தபாலில் சேர்த்தார்.

வழக்கமாக இருபது நாளில் பதில் வந்துவிடும். மே மாதமும் வரவில்லை. மே 30 அன்று மிஞ்சிய நான்கு மீனும் பெரிய தொட்டிக்குத் திரும்பின. கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜூன் முழுக்கத் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து நின்றார்.

கடைசியில் வந்தது அரைப்பக்கம். 'என் வீட்டுக்காரர் போனபோது நான் ரயிலில் இருந்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒருவர் விடியற்காலை என்றார், ஒருவர் ஏழு இருக்கும் என்றார். மீன் போன நேரத்தை நிமிடத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அப்போது பக்கத்தில் ஒரு மனிதர் இருந்திருக்கிறார் என்று தெரிகிறது. உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இனி விசாரிக்க அங்கே எனக்கு யாரும் இல்லாததால் இனி எழுத மாட்டேன்.'

அது வந்து சேர்ந்த நாள் ஜூலை 9.