அப்பா கட்டிவிட்ட கயிறு

கையில் கயிறு கட்டிக்கொள்பவர்களை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் கிண்டல் செய்யாத வருடம் கிடையாது. அந்த நான்தான் போன வாரம் ஒரு கோயில் வாசலில் நின்று கயிறு வாங்கினேன். தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாங்கினேன். போதுமா?

காரணம் பயம். என் மகன் எட்டாவது படிக்கிறான். வேறொரு பள்ளியில் இரண்டு மாணவர்களுக்குள் தகராறு, ஒருவன் பையிலிருந்து கத்தியை எடுத்துவிட்டான் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அது அதோடு நின்றதா? காலையில் ஒரு கத்தி, மதியம் மூன்று, சாயங்காலத்துக்குள் அரிவாள். எது நடந்தது, எது யாரோ சேர்த்தது... தெரியாது. தெரியாததால்தான் ராத்திரி முழுக்கக் குழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் போகிற பிள்ளை மாலையில் முழுசாக வீடு திரும்ப வேண்டும். இதைவிடப் பெரிய வேண்டுதல் எந்த அப்பாவுக்கு இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துத் திருநாவலூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், எதிரே கோயில் வாசலில் கயிற்றுக் கடை.

"யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"பையனுக்கு. ஸ்கூல் போறான்."

"எந்த ஊரு?"

கள்ளக்குறிச்சி என்றேன். கள்ளக்குறிச்சியில் எந்தப் பக்கம் என்றார். தெருவைச் சொன்னேன்.

"அந்தப் பக்கத்துப் பசங்கல்லாம் இதான் சார் கட்டிக்கினு சுத்துறாங்க. ஜாஸ்தி போறதே இதான்."

இரண்டு நிறம் முறுக்கிய கயிறு. என்னென்ன நிறம் என்று எழுத மாட்டேன் - எழுதினால் பத்திரிகை ஆபீஸுக்கு எல்லாத் தரப்பிலிருந்தும் ஆள் வரும். தெருவைக் கேட்டுச் சரக்கு தருகிறாரே, என்ன ஒரு வியாபார நுணுக்கம் என்று மெச்சிக்கொண்டேன். தெருவைக் கேட்டால் நம் ஊரில் எதைக் கேட்கிறார்கள் என்று ஐம்பதைத் தாண்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"கத்தியோட வர்றவன் கயித்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவானா?" என்றாள் மனைவி. நான் மகனைக் கூப்பிட்டேன்.

மகன் கயிற்றைப் பார்த்ததும் பின்வாங்கினான். "அப்பா, இந்த கலர் வேணாம்பா."

"சாமி கயித்துல இன்னாடா பேஷன்?" என்று அதட்டி, இரண்டு முடிச்சுப் போட்டேன். சும்மா இல்லை, பல்லால் இழுத்து இறுக்கிய முடிச்சு.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன். உதட்டில் அடியாம். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. தலைமை ஆசிரியை அறையில் மகன் வாயில் கைக்குட்டையை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தான். சட்டையில் ரத்தம். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வாட்ஸ்அப் குழு மொத்தமும் வாய் வழியாக வெளியே வந்தது.

"உங்கள நம்பித்தானங்க புள்ளைங்கள அனுப்புறோம்? இதான் பாதுகாப்பா?"

அந்த அம்மா என்னை முழுசாகக் கத்தி முடிக்க விட்டார். பிறகு மகனைக் கையை நீட்டச் சொன்னார்.

"இத கட்டிவிட்டது யாரு சார்?"

"நான்தான்."

"தெரிஞ்சு கட்டினீங்களா, தெரியாமயா?"

"எதத் தெரிஞ்சு?" என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே வெட்டிய கயிறுகள், கொத்துக் கொத்தாக. ஒரு சாதிப் பையன்களுக்கு இந்த நிறம், இன்னொரு சாதிக்கு அந்த நிறமாம். "நாங்க இங்க வெட்டுறோம். மறுநாள் வூட்டுல புதுசு கட்டி அனுப்புறாங்க" என்றார்.

மகன் கயிற்றின் மேல் கைக்குட்டையைச் சுற்றி மறைத்திருக்கிறான். விளையாட்டு பீரியடில் அது அவிழ்ந்து விழுந்துவிட்டது. 'நீ எப்படா அவனுங்க செட்டு?' என்று சிலர் சூழ்ந்தார்கள். 'எங்க ஆளு மேலயே கை வெக்கிறியா?' என்று வேறு சிலர் பாய்ந்தார்கள். நடுவில் இருந்தது என் பிள்ளையின் உதடு. நீ யார் பக்கம் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. கயிறு சொல்லிவிட்டதே!

தலைமை ஆசிரியை கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். "நீங்களே வெட்டிடுங்க சார்."

வெட்டினேன்.

வண்டியில் வரும்போது கேட்டேன். "தெரிஞ்சும் ஏன்டா கழட்டல?"

"நீயே பயந்துகினு இருந்த. கழட்டினா இன்னும் பயப்படுவியேன்னுதான்..."



பிள்ளையைப் பற்றிப் பயப்படுவது பெற்றோர் வேலை, சரி. ஆனால் நம் பயத்தைச் சுமப்பதும் பிள்ளையின் வேலையா? அடுத்தவர் மகன் பையில் என்ன இருக்கிறது என்று குழுவில் விசாரித்துக்கொண்டிருந்தேன். என் மகன் கையில் என்ன கட்டினேன் என்று யோசித்தேனா?

உதடு ஆறிவிட்டது. ஆறாதது ஒன்று இருக்கிறது. இளங்கோ என்று ஒரு பையன், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம், இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஆறாவதிலிருந்து என் மகனோடு ஒரே பெஞ்சு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கேரம். அவன் கயிற்றைப் பார்த்த அன்றே எழுந்து பின் பெஞ்சுக்குப் போய்விட்டான். சண்டையில்லை, கேள்வியில்லை. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"எங்கப்பா தெரியாம வாங்கிட்டாருன்னு சொல்லேன்டா" என்றேன் மகனிடம்.

"சொன்னேன்ப்பா. சரின்னான். ஆனா வரல."

என்ன நினைத்திருப்பான்? இத்தனை நாள் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவன் கடைசியில் இவ்வளவுதானா என்று நினைத்திருக்க மாட்டானா? கயிற்றை வெட்டக் கத்தரிக்கோல் கிடைத்தது. இதற்கு என்ன கிடைக்கும்?

நேற்றுக் காலை மகன் சைக்கிளை எடுக்கும்போது வாசல்வரை போனேன். "ஸ்கூலுக்குப் போக பயமா இருக்காடா?" என்றேன், முடிந்தவரை தைரியமான குரலில்.

"ஸ்கூல்லாம் பரவாயில்லப்பா. நீ அடுத்து இன்னா வாங்கிக்கினு வருவியோன்னுதான் பயமா இருக்கு."