எலும்பு வார்டின் புத்தகத் தள்ளுவண்டி

ஜாக்கி சரிந்து லாரி என் தொடைமேல் இறங்கியபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் முழுசாகப் படித்தது என்று எதுவும் கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் டப்பாவின் மேல் இருக்கும் எண்களைத் தவிர. அப்படிப்பட்டவனை எலும்பு வார்டில் படுக்கப் போட்டு, காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, பதினொரு வாரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. மூன்று இறக்கையில் ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. முதல் வாரம் முடிவதற்குள் அந்த விசிறியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் பாக்கியில்லை.

இரண்டாவது வாரத்தில் புத்தக அக்கா என் கட்டிலுக்கு வந்தார்.

வார்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவருடைய சம்பள வேலை புத்தகம் அல்ல. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருந்தார். அழுக்குப் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு போவதும், துவைத்து மடித்ததைக் கொண்டுவந்து அடுக்குவதும் அவர் பொறுப்பு. ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளமான உருவம், பின்னாலிருந்து யாரோ துரத்துவதுபோல ஒரு நடை. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

விரிப்புகளை உதறும்போது மூக்குக்கண்ணாடி விழும், சீப்பு விழும், சில நேரம் புத்தகமும் விழும். மற்றவற்றைத் தேடிக்கொண்டு ஆள் வரும். புத்தகத்தைத் தேடி மட்டும் யாரும் வருவதில்லை. அவற்றைத் தலையணை உறைகளுக்கு நடுவில் ஓர் அலமாரித் தட்டில் வைத்திருந்தார். தட்டு நிறைந்து, புத்தகம் உறைகளைத் தள்ளத் தொடங்கியதும் தலைமை நர்ஸிடம் போய் நின்றார். கேன்டீனில் கழித்துப் போட்ட டீ வண்டி ஒன்று கிடந்தது. அதைக் கொடுத்து, "தினமும் அட்டையை மருந்து போட்டுத் துடைக்கணும், சலவை வேலை கெடக் கூடாது, சம்மதமா?" என்று கேட்டாராம் தலைமை நர்ஸ். அக்கா பதில்கூடச் சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

என்னிடம் வந்தபோது நான் முந்திக்கொண்டேன். "எனக்குப் படிக்கிற பழக்கமெல்லாம் இல்லக்கா."

"அதை யாரு கேட்டா?" என்றார். "வீட்ல இருந்திருந்தா இந்நேரம் என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

"கியர் பாக்ஸைக் கழட்டிட்டிருப்பேன்."

மறுநாள் இன்ஜின்களைப் பற்றிய ஒரு புத்தகம் வந்தது. படம் பார்த்தேன், இரண்டு பக்கம் படித்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். "இதுல இருக்கறது எனக்கே தெரியும்க்கா. நாலாவது படம் தப்பு வேற." அக்கா கோபப்படவில்லை. அடுத்து, தனியாக மலை ஏறிய ஒருவனின் கதை. அவன் பாதி மலை ஏறுவதற்குள் நான் தூங்கிப்போனேன். இரண்டு கால் நன்றாக இருப்பவன் கதை எனக்கு எதற்கு என்று எரிச்சலும் வந்தது.

மூன்றாவது முறை அவர் உடனே எதையும் கொடுக்கவில்லை. பார்வையாளர் நேரத்தில் விரிப்பு அடுக்குகிற சாக்கில் என் பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த இரண்டு மச்சினன்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று முட்டிக்கொண்டார்கள். மணி அடித்து எல்லோரும் போனதும் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, உங்களுக்கு மெஷின் இல்ல, மனுஷங்க சண்டைதான் பிடிக்குது. காதைத் தீட்டிக்கிட்டு இல்ல கேட்டீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டுக்காக முப்பது வருஷம் பேசிக்கொள்ளாமல் இருக்கும் ஒரு பெரிய நாவலை மடியில் வைத்துவிட்டுப் போனார். ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். ஒன்பதே நாளில் முடித்தேன். என் மனைவி பார்க்க வந்தபோது, "ஒரு நிமிஷம் இரு, நடுவுலவன் வாயைத் திறக்கப் போறான்" என்று சொன்னேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா என்று நர்ஸைக் கேட்டாள்.

அதிலிருந்து அக்காவின் வேலையைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் வார்டு ஒரு நீண்ட கூடம். ஒரு பக்கம் ஆண்கள், தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள், கடைசியில் குழந்தைகளுக்கு நாலு கட்டில். வண்டி மூன்று பக்கமும் போகும்.

அவரும் சறுக்கியிருக்கிறார். தபால்காரர் ஒருவர் விலா எலும்பு முறிந்து வந்திருந்தார். ஆள் எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாரே என்று அக்கா ஒரு நகைச்சுவைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். அரைமணி நேரத்தில் "ஐயோ, அம்மா" என்று அலறல். டாக்டர் ஓடிவந்து பார்த்தால், மனிதர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அக்காவை ஒரு பிடி பிடித்தார். அக்கா புத்தகத்தை எடுக்கப் போனால் தபால்காரர் விடவில்லை. "உயிரே போனாலும் பரவால்லம்மா, அந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சுக்கறேன்" என்று கெஞ்சினார். கடைசியில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் எதிரில் இருந்தார். கொடுத்த புத்தகத்தையெல்லாம் "தரம் போதாது" என்று ஒதுக்கினார். அவருக்குச் சின்ன எழுத்து தெரியவில்லை என்பதை அக்காதான் கண்டுபிடித்தார். மருந்துச் சீட்டை நீட்டினால் அதை எப்போதும் நர்ஸிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வாராம். சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்கா பெரிய எழுத்தில் அச்சான சிறுவர் புத்தகங்கள் நாலைக் கொண்டுபோய், "ஐயா, இதெல்லாம் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமான்னு நீங்க பார்த்துச் சொல்லணும். எனக்கு அவ்வளவு படிப்பு இல்ல" என்றார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டே நாளில் நாலையும் படித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பட்டியலே போட்டுக் கொடுத்தார். முயல் பேசுவது மட்டும் நன்றாக இருந்தது என்று அடியில் ஒரு குறிப்பு.

ஆனால் நான் மறக்காமல் இருப்பது, கையில் கட்டோடு வந்த எட்டு வயதுப் பெண்ணை. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதால் மறுநாள் அறுவை. அக்கா நீட்டிய யானைக் கதையையும் ரயில் கதையையும் தள்ளிவிட்டு, "யாராவது செத்துப்போற கதை வேணும்" என்றாள். அவள் அம்மா பதறிப்போய் வாயைப் பொத்தினாள். "இது என்ன பேச்சு, ஆஸ்பத்திரியில!"

அக்கா பதறவில்லை. அம்மாவைத் தனியாக அழைத்து, "பயந்துபோயிருக்கா. அதான் கேக்கறா" என்று மெதுவாகச் சொன்னார். வண்டியின் கீழ்த்தட்டில் தேடி, ஒரு வயதான நாய் கடைசியில் இறந்துபோகிற கதையை எடுத்தார். கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அவள் படிக்கப் படிக்கத் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

"எனக்கு ஊசி போட்டுத் தூங்க வெச்சா, திரும்பி முழிப்பு வருமா?"

"வரும்டா கண்ணு. ஆனா நான் சொன்னா போதாது, தூங்க வைக்கிற டாக்டரையே கேட்டுடுவோம்" என்று எழுந்துபோய், அந்த டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் கால்மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அன்றைக்கு அவள் அழாமல் தூங்கினாள். மூன்றாம் நாள் முயல் கதை கேட்டாள். தலைமையாசிரியர்தான் வாசித்துக் காட்டினார், ஒற்றெல்லாம் சேர்த்து.

பதினொரு வாரம் கழித்து ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்த வார்டை விட முடியவில்லை. மாதம் ஒருமுறை போய் வண்டியின் சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பேன், படித்ததைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கி வருவேன். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். இப்படி நாலு வருஷம் ஓடியது.

பிறகு ஒரு நாள் சலவைப் பிரிவின் ஈரத் தரையில் அக்கா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தான் விரிப்பு மாற்றிய அதே கூடத்தில், பெண்கள் பக்கம் ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வேண்டியதாயிற்று.

செய்தி பரவியதும் பழைய நோயாளிகள் வந்து குவிந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம். நாங்கள் போனபோது கட்டில் பக்கத்து மேசையில் முப்பது புத்தகமாவது இருக்கும். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"தொடவே மாட்டேங்கறாங்க. சுவரையே பார்த்துட்டுப் படுத்திருக்காங்க" என்றார் தலைமை நர்ஸ்.

நான் உட்கார்ந்து, "உங்களுக்கு எந்த மாதிரி புத்தகம்க்கா பிடிக்கும்?" என்று கேட்டேன். கேட்டபோதுதான் உறைத்தது. நாலு வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. வேறு யாரும் கேட்டிருப்பதாகவும் தெரியவில்லை.

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "தெரியலயே தம்பி. நான் எதையும் முழுசாப் படிச்சதில்ல. படிச்சிட்டே வரும்போது, இது இன்னாருக்குன்னு ஆள் முகம் தெரிஞ்சிடும். அதோட மூடி வெச்சிட்டுப் போய்க் கொடுத்துடுவேன்."

"ஒண்ணுகூடவா முடிச்சதில்ல?" என் மனைவி நம்பாமல் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு முடிக்கணும்னு இருந்துச்சு. முதல் பக்கமெல்லாம் கிழிஞ்சு போனது, பேர்கூடத் தெரியாது. படகு ஓட்டற ஒரு பொண்ணு, காணாமப் போன அக்காவைத் தேடிப் போறா. பாதி வரும்போது அவ கைக்கு ஒரு லெட்டர் வருது. அந்த நேரம் பார்த்து இங்க ஒரு பேக்கரிக்காரம்மாவைக் கொண்டுவந்தாங்க. ஆட்டோ கவுந்து மணிக்கட்டு போயிடுச்சு. கூட வந்த அவங்க அக்கா அங்கயே இறந்துட்டாங்க. ஒரு வார்த்தை பேசல அந்தம்மா, ஒரு சொட்டு அழல. எனக்கு அந்தப் புத்தகம்தான் தோணுச்சு. கொடுத்தேன். படிச்சு படிச்சு அழுதாங்க. போகும்போது கையோட கொண்டுபோயிட்டாங்க. போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா அந்த லெட்டரைப் பிரிச்சாளா இல்லையான்னு ஆறு வருஷமா மண்டையைக் குடையுது."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டமாதிரி சிரித்தார். ஆஸ்பத்திரியில் சேர்ந்தபிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் முறை என்றார் தலைமை நர்ஸ்.

தலைமை நர்ஸிடம் அந்தம்மாவின் முகவரி கேட்டேன். நோயாளிகள் விவரத்தைக் கொடுக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார், அது நியாயம்தான். ஆனால் பேக்கரிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லையே. ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் கிளம்பினோம். ஒவ்வொரு கடையிலும், மணிக்கட்டு முறிந்து தேறிய அம்மா யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டால், ஏற இறங்கப் பார்த்தார்கள். "எனக்காக ஒரு நாளாவது இப்படி அலைஞ்சிருப்பீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். நான் அடுத்த கடையைக் கைகாட்டினேன்.

ஏழாவது கடையில், அடுப்புக்குப் பின்னாலிருந்து ஓர் உயரமான அம்மா வந்தார். புருவத்தில்கூட மாவு. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்டதான் இருக்கு. திருப்பிக் கொடுக்கணும்னு நினைச்சு நினைச்சு நாள் போயிடுச்சு. அப்புறம் போக வெட்கமாயிடுச்சு. நாலு தடவை படிச்சிட்டேங்க. அந்த லெட்டர்ல…"

"ஐயோ, சொல்லாதீங்க!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கடையில் ரொட்டி வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுத்தமான துணியில் சுற்றி எடுத்து வந்த புத்தகத்தை அக்காவின் கையில் வைத்தார். முறிந்து தேறிய அந்த வலது கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, "எங்க அக்கா செத்ததுக்கு நான் அழுததே இதைப் படிச்சுதாங்க. அழுததாலதான் எழுந்தேன்" என்றார்.

அக்காவின் கண்ணும் நிறைந்துவிட்டது. பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. ரொம்ப சந்தோஷம். நீங்க எல்லாரும் அப்படி கேன்டீன் பக்கம் போயி ஒரு டீ சாப்பிட்டு வாங்க. மெதுவா வாங்க, அவசரமில்ல."

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பாதிக்கு மேல் புரட்டி, விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

அக்கா தேறிவிட்டார். எழுந்து பிடித்து நடக்க, சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றைக் கொடுத்தார்கள். "நாலு சக்கரம் எங்கிட்டயே இருக்கே" என்று தள்ளுவண்டியைப் பிடித்தபடியே நடை பழகினார். சலவை வேலையிலிருந்து அவரை விடுவித்து, வார்டுகளுக்குப் புத்தகம் கொடுப்பதையே அவர் வேலையாக்கிவிட்டார்கள். பேக்கரி அம்மா வாரம் இரண்டு நாள் மதியம் உதவிக்கு வருகிறார்.

ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் வண்டியில் இருக்கும் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். இப்போது மேல்தட்டில் ஒரு புத்தகம் எப்போதும் தனியாக இருக்கும், நடுவில் ஒரு துண்டுத் துணி அடையாளத்தோடு. போன மாதம் அதை எடுக்கக் கை நீட்டினேன்.

"அதை வை கீழ. நான் இன்னும் முடிக்கல" என்றார்.

சந்தோஷமாக வைத்துவிட்டு, அவர் எனக்கென்று எடுத்து வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.