எங்கே இறக்குவது

அரசு மருத்துவமனையிலிருந்து என் மனைவியின் உடலை ஏற்றிவந்த அமரர் ஊர்தி, திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையை அடைந்தபோது ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "எங்க எறக்கணும் சார்?" என்றார். அது வழக்கமான கேள்வி. வண்டியை அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

வழியில், கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தபோது வீட்டு உரிமையாளர் கைப்பேசியில் அழைத்திருந்தார். மளிகை மொத்த வியாபாரி, தென்மாவட்டத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். முதலில் ஆறுதல் சொன்னார். பிறகு, "தப்பா எடுத்துக்கிடாதீங்க சார். மாடிப் போர்ஷன் காலியா கெடக்கு. வாசல்ல பந்தலப் போட்டு கெடத்தினா, சாவு விழுந்த வீடுன்னு பேராயிரும். பொறவு யாரு குடி வருவா? நேரா சுடுகாட்டுக்கே கொண்டு போயிருங்களேன்" என்றார்.

வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நிபந்தனை தெரியும். எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. சட்டப்படி அவர் என்னைத் தடுக்க முடியாது என்பதை அறிவேன். ஆனால் சட்டம் பேசியிருந்தால் அடுத்த மாதம் வேறு வீடு தேடியிருக்க வேண்டும். தனியாக வாழும் முதியவருக்கு இந்தப் பகுதியில் எவரும் வீடு தருவதில்லை. அந்த முதியவர் அங்கேயே ஒருநாள் இறப்பார் என்பதுதான் காரணம்.

ஓய்வூதியம் இல்லாத தனியார் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்தவன் நான். ராயபுரத்தில் தொடங்கி, வாடகை உயர உயர வடக்கே நகர்ந்து இங்கே வந்து சேர்ந்தோம். சொந்தமாக ஒரு சிறு அடுக்ககம் வாங்கும் எண்ணம் எங்களுக்கும் இருந்தது. ஒவ்வொரு முறை விலை விசாரித்தபோதும் அது சற்றுத் தள்ளிப் போயிருந்தது. ஒரு கட்டத்தில் விசாரிப்பதை நிறுத்திவிட்டோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

ஊர்தி நின்ற இடத்துக்கு எதிரே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் பழைய பிளாக் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் மீன் விற்கும் பெண்மணி என் மனைவிக்கு நெடுநாள் பழக்கம். வாங்குவது கொஞ்சம் மீன்தான் என்றாலும் வெகுநேரம் பேசிவிட்டுத்தான் என் மனைவி வீடு திரும்புவார். அந்தப் பெண்மணி கையைத் துடைத்தபடி வந்தார்.

"இன்னா சார், வண்டி இங்கியே நின்னுகினு கீது?"

சொன்னேன். அவர் உரிமையாளரைத் திட்டவில்லை.

"அவுரு பொயப்பு அவுருக்கு. நம்ம பிளாக்காண்ட எறக்குங்க. இது கவர்மெண்ட்டு வூடு. யாரும் கேக்க மாட்டாங்கோ."

படிக்கட்டின் கீழே, தூண்களுக்கு நடுவே, பெஞ்சு போட்டு என் மனைவியைக் கிடத்தினார்கள். தலைமாட்டுக்குத் தெற்கு எது என்று அவர்கள் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த பிளாக்கில் இறந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் கிடத்தப்பட்டிருக்கிறார்கள். பெண்கள் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டினர். எனக்கு நாற்காலி போட்ட ஒருவர் கூரையைப் பார்த்துவிட்டு அதைச் சற்று நகர்த்தினார்.

"இப்டி குந்து நைனா. அங்க காரை வுயும். அப்பால ஒரே வண்டில ரெண்டு பேரையும் அனுப்ப சொல்லோ பேஜாராப் பூடும்."

பக்கத்தில் இருந்தவர், "எங்க பிளாக்குல லிப்ட்டு இல்ல, தண்ணி இல்ல. ஓனரும் இல்ல. அது ஒண்ணுதான் சார் வசதி" என்றார்.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கக்கூடும், உறுதியாகத் தெரியவில்லை.

தலைமாட்டில் ஏற்றிய விளக்கு காரியம் முடியும்வரை எரிய வேண்டும் என்பது வழக்கம். உடல் கிடந்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும் என்று பெண்கள் சொன்னதால், எங்கள் வீட்டு விளக்கு அந்தத் தூணருகே எரிந்தது. மாலைதோறும் எண்ணெயுடன் சாலையைக் கடந்து போனேன். வீட்டில் துக்கத்தின் அடையாளம் எதுவும் இல்லை. மாடிப் போர்ஷனைப் பார்க்க வந்தவர்கள் என்னைக் கடந்து ஏறி இறங்கினார்கள்.

அந்த நாட்களில்தான் பிளாக்கின் சுவர்களில் குறியிட வாரிய அலுவலர்கள் வந்தனர். கட்டடம் வலுவிழந்துவிட்டது, காலி செய்ய வேண்டும், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவார்கள், அதுவரை வாடகைக்கு ஒரு தொகை கிடைக்கும். இடிக்க வேண்டிய கட்டடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் ஐயம் வேறு. ஒரு பிளாக் முழுவதும் ஒரே மாதத்தில் அதே தெருக்களில் வாடகை வீடு தேடினால் வீடு எங்கிருந்து வரும்? மாற்று வீட்டைக் கட்டி முடித்த பிறகே பழையதை இடிக்க வேண்டும். அத்துடன், சொந்தமாக வாங்க இயலாதவர்களுக்கு அரசே வாடகை வீடுகளைக் கட்டி, தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. உரிமையாளர் கெட்டவர் அல்லர். மாடி காலியாகக் கிடந்தால் அவருக்கு நட்டம். அந்த நட்டத்துக்கு அஞ்சாமல் ஒரு குடும்பத்துக்கு வாசல் தரக்கூடியது அரசு ஒன்றுதான். அதற்கு மேல் எனக்கு இதில் கோட்பாடு எதுவும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் மீன்காரப் பெண்மணி கேட்டார்: "ஒங்க மாடி இன்னும் காலியாத்தான் கீதா சார்? எங்களுக்குக் குடுப்பாரா, கேட்டுப் பாருங்களேன்."

உரிமையாளரிடம் கேட்டேன். எத்தனை பேர் என்றார், சொன்னேன். மீன் நாற்றத்தைப் பற்றி அவர் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பேசவில்லை.

"வயசானவங்க யாரும் உண்டுமா?"

மீன்காரப் பெண்மணியின் மாமியார் படுக்கையில் இருப்பதைச் சொன்னேன்.

"ஒங்களுக்குத் தெரியாததா சார்" என்றார் உரிமையாளர்.

திரும்பி வந்தபோது பெண்மணி வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டும் கத்தி நிற்கவில்லை.

"கெய்வி பூட்டா வரச் சொல்றாரா?"

நான் கூடையிலிருந்த மீனைப் பார்த்தேன்.

"எங்க அத்தையாண்ட சொல்லிடாத சார். நம்மளாலதான் வூடு கெடைக்கலன்னு அது சோறு துன்றத வுட்டுடும்."

அவர் துண்டுகளை வாடிக்கைக்காரரின் பைக்குள் போட்டார். மாமியாரின் கட்டில் பிளாக்கின் முதல் மாடியில், சன்னலை ஒட்டி இருக்கிறது. நான் மேலே பார்க்கவில்லை. அந்த வாரம் மூன்று தரகர்களிடம் பேசினேன். மூவரும் முதலில் வயதைத்தான் கேட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை.